ஒரே நாளில் 400 மேட்ச்... அமெரிக்கப் பள்ளி மல்யுத்தப் போட்டிகள் எப்படி நடக்குது? எதை மாத்தணும்? - முழு விளக்கம்

2024 ஆகஸ்ட் 7. பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப்போட்டிக்குத் தயாராக இருந்த வினேஷ் போகத், 50 கிலோ பிரிவில் 100 கிராம் எடை கூடுதல் என்பதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மல்யுத்தத்தில் மேட்டுக்கு வெளியே நடக்கும் எடை பார்ப்பும், கால அட்டவணையும், விதிப் புத்தகமும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் நம்மில் பலருக்கும் தெரிந்தது.

ஒலிம்பிக்கிலேயே இப்படி என்றால், 14 வயதுப் பிள்ளைகள் மோதும் பள்ளிப் போட்டிகளில் என்ன நடக்கும்? இந்த விளையாட்டைப் பள்ளி அளவில் பெரிய அளவில் நடத்தும் நாடு அமெரிக்கா. 2023-24 கல்வியாண்டில் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 2.9 லட்சம் மாணவர்களும், 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகளும் மல்யுத்தம் விளையாடியிருக்கிறார்கள். வார இறுதி வந்தால் பள்ளி ஜிம்களில் காலையில் ஆரம்பிக்கும் போட்டி ராத்திரி வரை ஓடும்.

அந்தப் போட்டிகளில் எங்கே சிக்கல் வருகிறது, அதை எப்படிச் சரி செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், விளையாட்டு எப்படி?

ஒலிம்பிக்கில் இருப்பவை ஃப்ரீஸ்டைலும் கிரீக்கோ-ரோமனும். அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பது ஃபோக்ஸ்டைல் என்ற தனி வகை. எதிராளியைக் கீழே தள்ளுவதோடு, தள்ளிய பிறகு அவரைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்கும் இதில் முக்கியத்துவம் அதிகம்.

தலா 2 நிமிடம் வீதம் 3 சுற்று, மொத்தம் 6 நிமிடம். எதிராளியின் இரண்டு தோள்பட்டைகளையும் 2 விநாடி மேட்டில் அழுத்திப் பிடித்தால் 'பின்'. மேட்ச் அங்கேயே முடிந்தது. 15 புள்ளி முன்னிலை வந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். கீழே தள்ளும் டேக்டவுனுக்கு முன்பு 2 புள்ளி இருந்தது. 2024-25 சீசனில் இருந்து 3 புள்ளி.

விதிகளை எழுதுவது என்.எஃப்.எச்.எஸ். எனப்படும் தேசியக் கூட்டமைப்பு. அதை நடைமுறைப்படுத்துவது அந்தந்த மாநிலச் சங்கங்கள். 12, 13, 14 என மூன்று வகை எடைப் பட்டியல்களில் ஒன்றை மாநிலங்கள் தேர்வு செய்துகொள்ளலாம். 14 பிரிவு பட்டியலில் மாணவர்களுக்கு 106 பவுண்டில் (சுமார் 48 கிலோ) தொடங்கி 285 பவுண்டு (சுமார் 129 கிலோ) வரை போகும். மாணவிகளுக்கு 100 பவுண்டில் தொடங்கி 235 பவுண்டு வரை.

ஒரு போட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? கணக்கு போட்டுப் பார்ப்போம்

பெற்றோர்களிடம் இருந்து அதிகம் வரும் புகார் இதுதான்: "காலையில 6 மணிக்கு வந்தோம், ராத்திரி 9 ஆகியும் முடியல."

ஏன் இவ்வளவு நேரம்? ஒரு எடைப் பிரிவில் 16 பேர் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவர் உடனே வெளியே என்றால் 15 மேட்ச்சில் கதை முடிந்துவிடும். ஆனால் பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒருமுறை தோற்றவருக்கு 'கன்சலேஷன்' என்ற தனி வரிசையில் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதில் தொடர்ந்து ஜெயித்தால் 3-ம் இடம் வரை வரலாம். இந்த வரிசைக்கு, 3 மற்றும் 5-ம் இடத்துக்கான மோதல்களையும் சேர்த்து, 14 மேட்ச். ஆக மொத்தம் 29.

14 எடைப் பிரிவுகள் என்றால் 14 x 29 = 406 மேட்ச்.

சில மேட்ச் அரை நிமிடத்தில் முடியும். சில முழு 6 நிமிடத்தையும் தாண்டி கூடுதல் நேரத்துக்குப் போகும். வீரர்கள் மாறும் நேரத்தையும் சேர்த்து, சராசரியாக ஒரு மேட்ச்சுக்கு 7 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால்:

- 4 மேட் இருந்தால்: சுமார் 12 மணி நேரம்
- 6 மேட் இருந்தால்: சுமார் 8 மணி நேரம்
- 8 மேட் இருந்தால்: சுமார் 6 மணி நேரம்

இதில் சாப்பாட்டு இடைவேளை, பரிசளிப்பு, காயத்துக்கான நிறுத்தம் எதுவும் சேரவில்லை. அதாவது 4 மேட் மட்டுமே விரிக்க முடிகிற ஜிம்மில் 16 அணிகளைக் கூப்பிட்டால், அழைப்பிதழ் அனுப்பிய அன்றைக்கே அந்த நாள் ராத்திரி வரை இழுக்கும் என்று முடிவாகிவிட்டது. அன்று காலையில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒன்றும் ஆகாது.

தீர்வு என்ன? முதலில் மேட் எண்ணிக்கை, அடுத்து அணிகளின் எண்ணிக்கை. இந்த வரிசையில் திட்டமிட வேண்டும். இடம் போதவில்லை என்றால் அணிகளைக் குறைக்கலாம். இல்லையென்றால் காலையில் எடை குறைந்த பிரிவுகள், மதியம் எடை கூடிய பிரிவுகள் என்று பிரித்துவிடலாம். மதியம் ஆடும் பிள்ளை காலையில் வந்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. எடை பார்ப்பையும் அந்தந்த வேளைக்கே வைத்துவிடலாம்.

தோற்ற பிள்ளைக்கு எத்தனை வாய்ப்பு?

அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் பெரிய கேள்வி இதுதான். பள்ளிப் போட்டி என்பது கோப்பை கொடுப்பதற்கு மட்டுமா, பிள்ளைகள் விளையாடிக் கற்றுக்கொள்வதற்கும் சேர்த்தா?

ஒரு தோல்வியோடு வெளியேற்றினால், 16 பேரில் 8 பேர் ஒரே மேட்ச்சோடு கிளம்பணும். அதுவும் முதல் சுற்றில் நம்பர் 1 வீரரோடு மாட்டிய புதுப் பையன் 30 விநாடியில் தோற்றுவிட்டு, அணியின் பஸ் கிளம்பும்வரை பத்து மணி நேரம் கேலரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் அவன் திரும்பி வருவானா என்பது சந்தேகம்தான்.

இதற்கு நான்கு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முழு மறுவாய்ப்பு: முதல் சுற்றில் தோற்ற எல்லோருக்கும் கன்சலேஷனில் இடம். எல்லோருக்கும் குறைந்தது 2 மேட்ச் உறுதி. ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் மேட்ச்சில் தோற்று, பிறகு வரிசையாக ஜெயித்து 3-ம் இடம் வரை வருபவர் மொத்தம் 6 மேட்ச் ஆட வேண்டும். சாம்பியனுக்கோ வெறும் 4 மேட்ச்தான்! ஒரு வீரர் ஒரு நாளில் எத்தனை மேட்ச் ஆடலாம் என்பதற்கு விதியில் வரம்பு உண்டு. பல ஆண்டுகள் அந்த வரம்பு 5-ஆகவே இருந்தது. அதனால்தான் பெரிய போட்டிகளை இரண்டு நாளாகப் பிரித்து நடத்துகிறார்கள்.

வென்றவரைப் பின்தொடரும் முறை: உங்களைத் தோற்கடித்தவர் அடுத்த சுற்றிலும் ஜெயித்தால்தான் உங்களுக்கு மறுவாய்ப்பு. நேரம் மிச்சம். ஆனால் உங்கள் தலையெழுத்து இன்னொருவர் கையில்.

குழு முறை: 16 பேரை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் மோதுவது. ஒரு குழுவில் 6 மேட்ச், மொத்தம் 24. ஒவ்வொருவருக்கும் 3 மேட்ச் நிச்சயம். 29-ஐ விடக் குறைந்த மேட்ச்சில் எல்லோருக்கும் அதிக வாய்ப்பு. ஆனால் ஒரு தனி சாம்பியனைத் தேர்ந்தெடுக்க மேலும் சில மேட்ச் வேண்டும். புதியவர்களுக்கும் இரண்டாம் நிலை அணிகளுக்கும் இது நல்ல ஏற்பாடு.

அணிக்கு அணி: இரண்டு பள்ளிகள் நேருக்கு நேர், ஒவ்வொரு எடைக்கும் ஒரு மேட்ச். யார் எப்போது ஆடுவார் என்பதைக் கிட்டத்தட்ட துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

எது சரி? சீசன் தொடக்கத்தில் குழு முறை, மாநிலப் போட்டிக்கான தகுதிச் சுற்றுகளில் முழு மறுவாய்ப்பு என்று நோக்கத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதுதான் பலன் தரும். எல்லாப் போட்டியையும் ஒரே அச்சில் வார்க்கத் தேவையில்லை.

ஓய்வு நேரம்: கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் ஆபத்து

இரண்டு மேட்ச்சுக்கு நடுவே குறைந்தபட்ச ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. முதல் சுற்றில் இது பிரச்சினையே இல்லை. 14 பிரிவுகளுக்கும் சேர்த்து 112 மேட்ச் ஓடவேண்டும். 6 மேட் இருந்தாலும் ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

போட்டி முடிவை நெருங்கும்போதுதான் நிலைமை தலைகீழ். ஒரு சுற்றில் 28 மேட்ச்தான் இருக்கும். 6 மேட்டில் அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று அடுத்த சுற்றை உடனே கூப்பிட்டால், அன்றைக்கு ஐந்தாவது மேட்ச் ஆடப்போகும் பையன் மூச்சு வாங்கிக்கொண்டே மேட்டுக்கு வருவான். களைப்பில் காயம் சுலபமாக வரும்.

இதைத் தவிர்க்க, சாம்பியன் வரிசைச் சுற்றையும் கன்சலேஷன் சுற்றையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒரு மேட்ச் முடிந்த நேரத்தை ஸ்கோர் ஷீட்டில் குறிப்பது இரண்டு விநாடி வேலை. அதைக் குறித்தால்தான் ஓய்வு கிடைத்ததா இல்லையா என்பதை யாரும் சரிபார்க்க முடியும்.

எடை பார்ப்பு: உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்

1997 நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரை, 33 நாட்களுக்குள், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூன்று பேருமே எடையைக் குறைப்பதற்காக, வியர்வையை உள்ளேயே வைத்திருக்கும் உடையைப் போட்டுக்கொண்டு, சூடான இடத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்கள். உடலில் இருந்த தண்ணீரை வெளியேற்றியே கிலோக்களைக் குறைக்கும் வழக்கம் அப்போது சாதாரணமாக இருந்தது. அந்த மரணங்களுக்குப் பிறகுதான் கல்லூரி விளையாட்டு அமைப்பு விதிகளை மாற்றியது.

பள்ளிகளுக்கு 2006-07 சீசனில் எடை மேலாண்மைத் திட்டம் கட்டாயமானது. அதில் மூன்று முக்கிய அம்சங்கள்:

- சீசன் தொடங்கும்போது சிறுநீர்ப் பரிசோதனை. அதன் ஒப்படர்த்தி 1.025-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் உடலில் நீர் குறைவு என்று அர்த்தம். அன்றைக்கு அளவெடுக்கவே மாட்டார்கள்.
- உடல் கொழுப்பு மாணவர்களுக்கு 7 சதவீதத்துக்கும், மாணவிகளுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகும் அளவுக்கு எடை குறைக்கக்கூடாது.
- வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது.

உதாரணம் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள மாணவர், உடல் கொழுப்பு 12 சதவீதம். கொழுப்பு நீங்கலாக அவரது எடை 52.8 கிலோ. 7 சதவீதக் கொழுப்போடு சேர்த்தால் அவர் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடை சுமார் 56.8 கிலோ. அதனால் 126 பவுண்டு பிரிவில் (சுமார் 57.2 கிலோ) ஆடலாம். 120 பவுண்டு பிரிவுக்கு (சுமார் 54.4 கிலோ) கோச் கெஞ்சினாலும் போக முடியாது. வாரத்துக்கு 900 கிராம்தான் வரம்பு என்பதால், அந்த 126-க்கு இறங்கவும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்.

விதி நல்ல விதிதான். போட்டி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது அதைப் பின்பற்றும் விதத்தை. தராசைப் போட்டிக்கு முன்பே சரிபார்த்துவைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தராசு இருந்தால் எல்லாம் ஒரே எடையைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, எடை பார்த்து முடித்த உடனே சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் வசதி இருக்க வேண்டும். காலை 7 மணிக்கு எடை பார்த்துவிட்டு, 9 மணிக்குத்தான் கேன்டீன் திறக்கும் என்றால், வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளை மேட் ஏறும்.

தோல் பரிசோதனை ஏன்? 24 பேரால் ஒரு மாநிலமே நின்ற கதை

எடை பார்ப்போடு சேர்த்து நடக்கும் இன்னொரு சோதனை தோல் பரிசோதனை. உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டு என்பதால் படர்தாமரை, பாக்டீரியா கொப்புளம், ஹெர்பிஸ் வைரஸ் எல்லாம் வேகமாகப் பரவும்.

1989-ல் மின்னசோட்டாவில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பிஸ் தொற்றியது. 2007-ல் அதே மாநிலத்தில் 10 அணிகளைச் சேர்ந்த 24 பேருக்குத் தொற்று வந்ததும், மாநிலம் முழுக்கப் பள்ளி மல்யுத்தத்தையே 8 நாள் நிறுத்திவைத்தார்கள்.

தோலில் சந்தேகத்துக்குரிய புண் இருந்தால், மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் ஆட முடியாது. உடலில் படர்தாமரை என்றால் 72 மணி நேரம் சிகிச்சை எடுத்திருக்க வேண்டும். தலையில் என்றால் 14 நாள்.

இங்கே நடைமுறைச் சிக்கல், அவசரம்தான். 200 பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவரைப் பார்க்க சில விநாடிதான் கிடைக்கும். படிவத்தை அன்றைக்குக் காலையில் நீட்டுவதற்குப் பதிலாக, முந்தைய நாளே அனுப்பச் சொன்னால் பாதி வாக்குவாதம் குறையும். மேட்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்பது, போட்டி ஷூவோடு கழிவறைக்குப் போய்விட்டு அப்படியே மேட்டுக்கு வருவதைத் தடுப்பது, இதெல்லாம் செலவே இல்லாத விஷயங்கள்.

மேட் ஓரத்தில் வெடித்த சர்ச்சை

முன்னேற்பாட்டில் விட்ட ஓட்டை எப்படி முடியும் என்பதற்கு 2018 டிசம்பரில் நியூஜெர்சியில் நடந்த சம்பவம் ஓர் எடுத்துக்காட்டு. சடைமுடி வைத்திருந்த கறுப்பின மாணவர் ஒருவரிடம், முடியை வெட்டினால்தான் ஆடலாம் என்று நடுவர் சொன்னார். மேட் ஓரத்திலேயே அவரது முடி வெட்டப்பட்டது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவி, நிறப் பாகுபாடு என்று பெரும் கண்டனம் எழுந்தது. 2019-ல் அந்த நடுவர் 2 சீசன்களுக்கு விலக்கிவைக்கப்பட்டார். 2021-22 சீசனில் இருந்து முடி நீளத்துக்கான கட்டுப்பாட்டையே விதிப் புத்தகத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

பாகுபாடு பற்றிய பெரிய கேள்வி ஒருபுறம். நிர்வாகப் பாடமும் ஒன்று உண்டு. உடை, முடி, நகம், பாதுகாப்புக் கவசம் பற்றிய எல்லா ஆட்சேபங்களையும் காலைச் சோதனையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மேட்ச்சுக்குக் கூப்பிட்ட பிறகு, எல்லோரும் பார்க்க ஒரு பள்ளிப் பிள்ளையை முடிவெடுக்கச் சொல்வது நியாயமே இல்லை.

ஸ்கோர் டேபிளில் யார்?

ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவர் ஒருவர், புள்ளி எழுத ஒருவர், நேரம் பார்க்க ஒருவர் வேண்டும். 8 மேட் என்றால் டேபிளுக்கு மட்டும் 16 பேர். பெரும்பாலும் பெற்றோரும் மாணவர்களும்தான் தன்னார்வலர்கள். காலையில் உட்கார்ந்தவரையே ராத்திரி வரை உட்காரவைத்தால் தப்பு வரத்தான் செய்யும். இரண்டு ஷிஃப்ட் போடுவதும், முதல் நாளே அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பதும் நல்லது.

பல மேட் பக்கத்து பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு தலைவலி: எந்த மேட்டின் பஸர் அடித்தது என்று நடுவருக்கே குழப்பம் வரும். இதற்கு ஒரு எளிய வழக்கம் இருக்கிறது. துண்டைச் சுருட்டி டேப் ஒட்டி, ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நேரம் முடிந்ததும் அவர் ஓடிப்போய் நடுவர் முதுகில் தட்டுவார். அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது!

பிராக்கெட்டைப் பொறுத்தவரை ட்ராக்ரெஸ்லிங் போன்ற மென்பொருள்கள் இப்போது பரவலாகிவிட்டன. எந்த மேட்டில், எத்தனையாவது மேட்ச் என்பதைப் பெற்றோர் போனிலேயே பார்க்கலாம். ஆனால் ஜிம்மில் இன்டர்நெட் போய்விட்டால்? அச்சடித்த பிராக்கெட் ஒரு செட் கையில் இருப்பது அவசியம்.

வலுவான வீரர்கள் முதல் சுற்றிலேயே மோதாமல் இருக்கத் தரவரிசை போடுவார்கள். நேருக்கு நேர் முடிவு, பொதுவான எதிராளிகளோடு ஆடிய முடிவு, கடந்த ஆண்டு எடுத்த இடம் என்று அளவுகோல்களை வரிசைப்படி முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டால், கோச்களின் கூட்டம் சண்டையில் முடியாது.

மாணவிகளுக்கு என்ன மாறணும்?

மாணவிகளுக்கான முதல் மாநில சாம்பியன்ஷிப்பை 1998-ல் நடத்தியது ஹவாய். இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு. 2022-23-ல் சுமார் 50 ஆயிரமாக இருந்த எண்ணிக்கை ஒரே ஆண்டில் 64 ஆயிரத்தைத் தாண்டியது. 2025 ஜனவரியில் கல்லூரி அளவிலும் மகளிர் மல்யுத்தத்துக்கு சாம்பியன்ஷிப் அந்தஸ்து கிடைத்தது.

ஏற்பாடுகள் அதே வேகத்தில் வளர வேண்டும். மாணவிகளுக்குத் தனி எடை பார்ப்பு அறை, பெண் பரிசோதகர், தனி உடை மாற்றும் அறை கட்டாயம் தேவை. ஆண்கள் போட்டி முடிந்த பிறகு மிச்சமிருக்கும் மேட்டில், மிச்சமிருக்கும் நேரத்தில் மாணவிகளை ஆடச் சொல்வதும் மாற வேண்டும். ஒரு எடையில் 3 பேர்தான் இருந்தால், நெருங்கிய எடைகளை இணைத்துக் குழு முறையில் ஆடவைத்தால் எல்லோருக்கும் மேட்ச் கிடைக்கும்.

காயம் என்றால்?

ரத்தம் வந்தால் அதை நிறுத்த மொத்தம் 5 நிமிடம், மற்ற காயங்களுக்கு ஒன்றரை நிமிடம் என்பது விதி. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால், தகுதியான மருத்துவப் பணியாளர் அனுமதிக்காமல் திரும்ப ஆட முடியாது. 2009-ல் வாஷிங்டன் மாநிலம் இதற்கு முதல் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 50 மாநிலங்களும் பின்பற்றின.

ஆனால் 8 மேட்டுக்கு ஒரே ஒரு மருத்துவ உதவியாளர் என்றால் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மேட்டில் காயம் ஏற்பட்டால் யார் போவது? ஆம்புலன்ஸ் எந்தக் கதவு வழியாக உள்ளே வரும்? இதைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

சுருக்கமா சொன்னா...

- மேட் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அணிகளை அழைக்க வேண்டும்
- எல்லோருக்கும் குறைந்தது 2 அல்லது 3 மேட்ச் கிடைக்கும் முறையைத் தேர்வு செய்ய வேண்டும்
- ஒவ்வொரு மேட்ச் முடிந்த நேரத்தையும் எழுதி, ஓய்வை உறுதி செய்ய வேண்டும்
- எடை பார்ப்பு முடிந்ததும் சாப்பாடும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும்
- தோல், உடை, முடி பற்றிய எல்லாக் கேள்வியும் காலையிலேயே முடிய வேண்டும்
- மாணவிகளுக்குச் சமமான மேட், சமமான நேரம்
- மேட் எண்ணிக்கைக்கு ஏற்ற மருத்துவ உதவியாளர்கள்

இந்தப் பட்டியலில் பெரும் பணம் தேவைப்படுவது கடைசி ஒன்றுக்குத்தான். மற்றதெல்லாம் ஒரு பேப்பர், ஒரு பேனா, போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு மணி நேர மீட்டிங்கில் முடிகிற வேலை.